சாக்லேட் ஃபேக்டரி பக்கத்துலதான் இருக்கு... ஆனா உள்ளே விடமாட்டாங்களே!

கும்மிடிப்பூண்டியில் இருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போய், ஆரம்பாக்கம் தாண்டி, தடா பக்கம் திரும்பினால் ஸ்ரீசிட்டி. அங்கே 134 ஏக்கரில் ஒரு சாக்லேட் தொழிற்சாலை இருக்கிறது. கேட்பரி டெய்ரி மில்க் தயாரிக்கும் மாண்டலீஸ் நிறுவனம் 2016 ஏப்ரலில் திறந்தது. முதல் கட்டத்திலேயே ஆண்டுக்கு 60,000 டன் தயாரிக்கும் அளவுக்குக் கட்டினார்கள். மாவட்டத்தின் இன்னொரு மூலையில், பூந்தமல்லி பக்கம் நேமத்தில், லோட்டே நிறுவனத்தின் சோகோபை ஆலை 2010-ல் வந்தது. நம் அம்மா அப்பா காலத்தில் காபி பைட், லேக்டோ கிங் விற்ற பாரி மிட்டாய் கம்பெனியை 2004-ல் வாங்கிய அதே லோட்டேதான்.

ஆக, திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் டெய்ரி மில்க், இன்னொரு பக்கம் சோகோபை. ஆனால், லீவு விட்டதும் வீட்டில் கிளம்பும் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

"அப்பா, சாக்லேட் ஃபேக்டரிக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"அங்கெல்லாம் உள்ளே விடமாட்டாங்கடா கண்ணா."

"ஏன்? கார்ட்டூன்ல எல்லாரும் போறாங்களே!"

சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் அப்பாவுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் சங்கடமானது. அவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஆஃப். சம்பளத்தில் சுற்றுலாவுக்கு என்று தனியாக எடுத்து வைக்கும் வழக்கமும் பல வீடுகளில் கிடையாது. வருஷத்துக்கு ஒரே ஒரு பயணம் என்றால் அது ஏமாற்றத்தில் முடியக் கூடாது. அதனால், டிக்கெட் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துவிடலாம்.

ஏன் உள்ளே விடுவதில்லை?

முதலில் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. உணவுத் தொழிற்சாலைக்குள் வேலை பார்ப்பவர்களே சும்மா நுழைந்துவிட முடியாது. தலைக்கு வலைத் தொப்பி, கைக்கு உறை, தனிக் காலணி எல்லாம் வேண்டும். மோதிரம், வளையல், கம்மல் எதுவும் கூடாது. ஒரு தலைமுடியோ, சட்டைப் பொத்தானோ கலவையில் விழுந்தால் அந்தத் தொகுதியே வீண். வெளியே வரும் சாக்லேட்டை மெட்டல் டிடெக்டர் வழியாக அனுப்பிச் சோதிப்பதும் அதற்காகத்தான். இதில் ஐஸ்க்ரீம் கையோடு ஐம்பது குழந்தைகள் உள்ளே போனால் என்ன ஆகும்? இப்படிச் சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

சுவாரஸ்யம் என்னவென்றால், உலகத்தில் 'சாக்லேட் உலகம்' என்ற பெயரில் இருக்கும் பெரிய இடங்கள் பலவும் இந்த மூடிய கதவால் பிறந்தவைதான். அமெரிக்காவின் ஹெர்ஷி ஊரில் ஒரு காலத்தில் தொழிற்சாலைக்குள்ளேயே மக்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். கூட்டம் தாங்கவில்லை. தொழிற்சாலைச் சுற்றுலாவை நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே 1973-ல் 'ஹெர்ஷிஸ் சாக்லேட் வேர்ல்ட்' என்று தனி இடம் கட்டினார்கள். சின்ன வண்டியில் உட்கார்ந்தால், சாக்லேட் எப்படி உருவாகிறது என்று பொம்மை இயந்திரங்களை வைத்துக் காட்டும் சவாரி அது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கேட்பரியின் போர்ன்வில் தொழிற்சாலையிலும் கிட்டத்தட்ட இதே கதை. அங்கே 'கேட்பரி வேர்ல்ட்' 1990-ல் திறந்தது. காசு கொடுத்துப் போகிறவர்கள் பார்ப்பது தொழிற்சாலையை அல்ல, தொழிற்சாலை பற்றிய ஒரு ஷோவை.

ஷோ என்றால் மட்டம் என்று அர்த்தம் இல்லை. ஆனால், பிள்ளை மனதில் இருக்கும் படமும் டிக்கெட்டில் இருக்கும் பொருளும் ஒன்றா என்று பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். யூடியூபில் பிள்ளைகள் பார்க்கும் அந்தப் பிரம்மாண்ட சாக்லேட் ஃபவுண்டன் ஸ்விட்சர்லாந்தில், ஜூரிக் பக்கத்தில் லிண்ட் நிறுவனம் 2020-ல் திறந்த மியூசியத்தில் இருக்கிறது. உயரம் 9 மீட்டருக்கும் மேல், அதாவது மூன்று மாடி. அதை மனதில் வைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனால் அழுகைதான்.

அழுகை என்றதும் கிளாஸ்கோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2024 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 'வில்லி வொங்கா' பாணியில் ஒரு சாக்லேட் அனுபவம் என்று விளம்பரம் செய்தார்கள். மிட்டாய்த் தோட்டம், வண்ண வண்ண அருவி என்று ஏ.ஐ வரைந்த படங்கள். டிக்கெட் 35 பவுண்டு வரை. உள்ளே போனால், ஏறக்குறைய காலியான ஒரு கிடங்கு, ஒரு மூலையில் காற்று ஊதிய பொம்மை வீடு, குழந்தைக்குச் சில ஜெல்லி பீன்ஸும் அரை டம்ளருக்கும் குறைவான லெமனேடும். சாக்லேட்டே இல்லை! குழந்தைகள் அழ, பெற்றோர் சண்டை போட, போலீஸ் வந்து, நிகழ்ச்சி பாதியிலேயே ரத்தானது. விளம்பரப் படத்தை உற்றுப் பார்த்திருந்தால் அதில் இருந்த ஆங்கில வார்த்தைகளே தப்புத் தப்பாக இருந்தது தெரிந்திருக்கும். நம் ஊரிலும் மால்களிலும் பொருட்காட்சித் திடல்களிலும் 'கேண்டி வேர்ல்ட்', 'சாக்லேட் ஃபெஸ்ட்' என்று லீவு நேரத்தில் போஸ்டர் முளைக்கிறது. போட்டோவை நம்பாமல், போய் வந்தவர்கள் எடுத்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். அது கிடைக்கவில்லை என்றால் முதல் வாரம் போகாதீர்கள்.

பக்கத்தில் என்றால் புதுச்சேரி

ஒரே நாள் லீவுதான் இருக்கிறது என்றால் ஊட்டி வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் இருந்து புதுச்சேரி சுமார் 200 கிலோமீட்டர். விடியற்காலை கிளம்பினால் இரவுக்குள் வீடு.

புதுச்சேரியில் 'ஜூகா' என்று ஒரு சாக்லேட் கடை. டிசம்பர் வந்தால் ஆள் உயரச் சாக்லேட் சிலை ஒன்றைச் செய்து கண்ணாடிக்குள் நிறுத்துவதால் ஊர் முழுக்கப் பிரபலம். அப்துல் கலாம் நின்றிருக்கிறார். 2019-ல் விமானப்படை வீரர் அபிநந்தன், 2020-ல் எஸ்.பி.பி. பாடும் நிலா பாலுவுக்கு ஆன சாக்லேட் மட்டும் 339 கிலோ. அரையாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கு இது தோது. அந்த ஆண்டு யார் சிலை என்று முன்கூட்டியே சொல்லாமல் அழைத்துப் போனால் பிள்ளைக்கு அது ஒரு தனி குஷி.

செய்முறையைப் பார்க்க வேண்டும் என்றால், அங்கிருந்து ஆரோவில் பக்கம் 'மேசன் அண்ட் கோ'. ஜேன் மேசன், ஃபேபியன் பான்டம்ஸ் என்ற இருவர் 2014-ல் தொடங்கியது. தென்னிந்தியத் தோட்டங்களில் விளையும் கோகோ விதையை வாங்கி, வறுத்து, அரைத்து, பார் ஆக்குவது வரை அவர்களே செய்கிறார்கள். ஆனால், இது வேலை நடக்கும் இடம், பார்க் கிடையாது. போன் செய்து, எந்த நாளில் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள், குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டா என்று கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இன்னொன்று, இங்கே கிடைப்பது டார்க் சாக்லேட். டெய்ரி மில்க் நாக்குக்கு முதல் கடி கசக்கும். "உவ்வே" என்று துப்பும் பிள்ளையைத் திட்ட வேண்டாம். கோகோவின் அசல் ருசி கசப்புதான் என்று அதற்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

ஊட்டி என்றால் மூன்று இரவு கணக்கு

தமிழ்நாட்டில் சாக்லேட் என்றால் ஊட்டிதான். வெள்ளைக்காரர்கள் காலத்துப் பழக்கம் அது. கிங் ஸ்டார் கடை 1942-ல் இருந்தே இருக்கிறது. இத்தனைக்கும் ஊட்டியில் ஒரு கோகோ மரம்கூட வளராது. 2,240 மீட்டர் உயரக் குளிர் அதற்கு ஆகாது. பிறகு எப்படிச் சாக்லேட் ஊர் ஆனது? அதே குளிரால்தான். சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் திருவள்ளூரில் ஏ.சி இல்லாமல் வீட்டில் சாக்லேட் உறைய வைக்க முடியாது. ஊட்டியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

அங்கே கூடலூர் போகும் சாலையில் 'எம் அண்ட் என் சாக்லேட் மியூசியம்' இருக்கிறது. மாயன் காலத்தில் இருந்து சாக்லேட்டின் கதையைச் சொல்லும் காட்சிகள், சாக்லேட் செய்வதை நேரில் காட்டும் பகுதி, ருசி பார்க்க, வாங்க ஒரு கடை. ஒரு மணி நேரம் தாராளம். உண்மையைச் சொன்னால், நாலு வயதுக் குழந்தைக்கு அந்த வரலாற்றுப் பலகைகள் பத்தே நிமிடத்தில் போர் அடிக்கும். எட்டு, ஒன்பது வயதில் போனால்தான் முழுசாக உள்வாங்கும். கிளம்பும் முன் போனில், "எந்த நேரத்தில் செய்து காட்டுவீங்க? குழந்தைங்க கையால செய்ய விடுவீங்களா?" என்ற இரண்டை மட்டும் கேட்டுவிடுங்கள். அச்சில் ஊற்றி, முந்திரி தூவி, தானே செய்த சாக்லேட்டைப் பெயர் எழுதி எடுத்து வரும் பிள்ளை, மாயன் நாகரிகத்தை மறந்தாலும் அதை மறக்காது.

இப்போது ஷிஃப்ட் கணக்கு. வெள்ளிக்கிழமை 'ஏ' ஷிஃப்ட், இரண்டு மணிக்கு வேலை முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, மாலை புறநகர் ரயில் பிடித்தால் சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையம். மலை ரயிலில் இடம் கிடைத்தால் 7.10-க்குக் கிளம்பி மதியம் ஊட்டி. கிடைக்காவிட்டால் எதிரிலேயே பஸ். ஞாயிறு மதியம்வரை ஊட்டி. இரவு அதே ரயிலில் திரும்பினால் திங்கள் காலை ஆறு மணிக்கு மேல்தான் சென்ட்ரல். அதனால் அன்றைக்கு 'ஏ' ஷிஃப்ட் நடக்காது. முதல் வாரமே சூப்பர்வைசரிடம் சொல்லி, சனிக்கிழமைக்கு ஒரு லீவும் திங்களுக்கு 'பி' ஷிஃப்டும் மாற்றி வாங்கிவிட வேண்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கோடை விடுமுறைக்கு அன்றைக்கே போட்டால்தான் உண்டு. ஐந்து வயதுக்குள் இருந்தால், தனி பெர்த் கேட்காதவரை டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயது என்றால் பெர்த் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பொறுத்து முழுக் கட்டணமோ பாதியோ.

"ரயில் வேணாம், நம்ம கார்லயே போயிடலாம்" என்று சொல்லும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. கும்மிடிப்பூண்டியில் இருந்து ஊட்டி சுமார் 600 கிலோமீட்டர். நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு, "ரெண்டு டீ குடிச்சா சரியாயிடும்" என்று ஸ்டியரிங் பிடிப்பது சிப்காட் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்க, முன் சீட்டில் அப்பாவுக்கும் கண் சொருகும். டீ தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுமே தவிர, போக்காது. இந்த விஷயத்தில் வீட்டம்மாக்கள் கறாராக இருந்தாலும் தப்பில்லை: நைட் ஷிஃப்ட் என்றால், ஒரு முழுத் தூக்கம் போட்ட பிறகுதான் கார் சாவி.

காரில் போவதானால் இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-ல் இருந்து நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வெளியூர் வண்டிகள் மட்டும் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. சின்னத் தண்ணீர் பாட்டில் முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் எதுவும் நீலகிரிக்குள் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகளின் ஸ்கூல் வாட்டர் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவு ஏறும் முன் சாக்லேட் வேண்டவே வேண்டாம். ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

மரத்தைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால், ஊட்டியில் தங்குவதற்குப் பதில் கோவை வழியாகப் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போகலாம். அங்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஊடுபயிராகக் கோகோ வளர்க்கிறார்கள். அந்தப் பகுதியில் விளைந்த விதையிலேயே சாக்லேட் செய்யும் 'சோக்லெட்' போன்ற நிறுவனங்களும் வந்துவிட்டன. தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு உள்ளே போனால், பிள்ளைகள் முதலில் நம்பவே மாட்டார்கள். பலாப்பழம் மாதிரி, கிளை நுனியில் இல்லாமல் மரத்தின் உடம்பிலேயே காய் தொங்கும். மஞ்சள், சிவப்பு என்று நிறம். உடைத்தால் உள்ளே 30, 40 விதைகள், சீத்தாப்பழம் போல வெள்ளைச் சதை சுற்றி. அந்தச் சதை இனிக்கும். சாக்லேட் வாசனை துளியும் இருக்காது.

விதையை ஐந்தாறு நாள் மூடிப் புளிக்க வைத்து, வெயிலில் காய வைத்து, வறுத்த பிறகுதான் அந்த வாசனை வரும். இட்லி மாவு மாதிரிதான், புளித்தால்தான் ருசி. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். வறுத்த விதையை மணிக்கணக்கில் அரைத்துக் கூழாக்க, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சின்னச் சின்னச் சாக்லேட் தயாரிப்பாளர்கள் பலர் ஆரம்பத்தில் வாங்கிப் போட்டது நம் கோயம்புத்தூர்ப் பக்கத்து வெட் கிரைண்டரைத்தான். அடுப்படியில் இருக்கும் அதே கல்லும் உருளையும்! கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவே. வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கிரைண்டரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால், உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு ஆப்பிரிக்க நாடுகளில் இருந்து வருவதையும், அங்கே தங்கள் வயதுப் பிள்ளைகள் பலர் பள்ளிக்குப் போகாமல் தோட்டத்தில் வேலை செய்வதையும் சொல்லலாம். பயமுறுத்த வேண்டாம். கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

எங்கும் போக முடியாத வருஷம்

லீவு கிடைக்காத, கையில் காசு இல்லாத வருஷமும் வரும். அதற்கும் இந்தப் பகுதியில் ஒரு வழி இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பல தொழிற்சாலைகளில் இயந்திரங்களைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, வேலை பார்ப்பவர்களின் குடும்பத்தை உள்ளே அழைப்பது வழக்கம். அன்றைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கம்பி உருட்டும் ஆலையாக இருக்கலாம், டயர் கம்பெனியாக இருக்கலாம். "இதுதான் அப்பா மிஷின். இந்த பட்டனை அழுத்தினா இது வரும்" என்று காட்டலாம். ஃபேக்டரி பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைக்கு அன்று கிடைப்பது ஷோ அல்ல, நிஜத் தொழிற்சாலை. பொரி கடலையோடு ஒரு டெய்ரி மில்க்கையும் பையில் போட்டுக்கொண்டால் கணக்கு சரி. அம்மா வேலைக்குப் போகும் வீடு என்றால் அம்மாவின் கம்பெனிக்கு. எலெக்ட்ரானிக்ஸ், ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் அம்மாக்கள் இங்கே ஏராளம். தங்கள் அம்மா நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று பல பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

வாங்கி வருவது எப்படி?

ஊட்டிக் கடைகளில் கிலோ கணக்கில் 'ஹோம்மேட்' சாக்லேட் குவித்து வைத்திருப்பார்கள். வாங்கும் முன் லேபிளைக் கேளுங்கள். கோகோ வெண்ணெய் இருந்தால் அது சாக்லேட். அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு மட்டும் இருந்தால் அது காம்பவுண்ட். விலை குறைவு, ருசியும் வேறு. சாப்பிடக் கூடாதது இல்லை. ஆனால், சாக்லேட் விலை கொடுத்து காம்பவுண்ட் வாங்க வேண்டாமே. முந்திரி, பாதாம், வேர்க்கடலை எது சேர்ந்திருக்கிறது என்பதையும், ஒவ்வாமை இருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிடுங்கள். "டார்க்தானே, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று டப்பாவைத் தன் பக்கம் நகர்த்தும் சர்க்கரை நோயாளிப் பாட்டியிடமும் கொஞ்சம் கவனம். டார்க் சாக்லேட்டிலும் சர்க்கரை உண்டு.

முதல் நாளே வாங்கிப் பையில் சுமக்காமல், கிளம்பும் நேரத்தில் வாங்குங்கள். பருத்தித் துண்டில் சுற்றி, டப்பாவில் போட்டு, பைக்கு நடுவே துணிகளுக்குள் வைத்தால் இரவு ரயிலில் உருகாமல் வந்துவிடும். காலையில் சென்ட்ரலில் இறங்கியதும் வெயில் ஏறும் முன் வீட்டுக்குக் கொண்டுவந்து, காற்றுப் புகாத டப்பாவோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். நாலு நாள் கழித்து மேலே வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சை என்று பயந்து குப்பையில் போட்டுவிடாதீர்கள். உருகி மறுபடி உறைந்ததில் கொழுப்போ, ஈரம் பட்டதில் சர்க்கரையோ மேலே வந்து படிந்திருக்கும். பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். பாலில் போட்டுக் காய்ச்சி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு ஒரு டம்ளர் கொடுத்தால் ஒரு சொட்டு மிஞ்சாது.